பாய்த்தோணியும் அதன்மேற் செயற்படும் விசைகளும்

கச்சான் காற்று வலுத்து வீசும் ஆடி மாதத்துப் பிற்பகலொன்றில் ஏறாவூர் வாவிக்கரையில் நாம் நிற்பதாகக் கற்பனை செய்வோம். நம் கண்முன்னே மூன்று பாய்த்தோணிகள் உள்ளன. ஒன்று இக்கரையிலிருந்து தென்கிழக்கே மட்டக்களப்பு நகரை நோக்கிச் செல்கின்றது. மற்றொன்று நகர்ப்பக்கமிருந்து ஏறாவூரை நோக்கி வருகின்றது. மூன்றாவதோ மேற்கே படுவான்கரையை நாடி, காற்று எத்திசையிலிருந்து வருகின்றதோ அத்திசையையே நோக்கி வளைந்து வளைந்து முன்னேறுகின்றது. மூன்றுக்கும் காற்று ஒன்றே. காற்றானது தான் போகும் பக்கமே தோணியைத் தள்ளிச் செல்லுமாயின் இம்மூன்றும் நடவாத காரியங்களாதல் வேண்டும். ஆயினும் நடக்கின்றன. அஃது எவ்வாறு?

இவ்வினாவைப் பௌதிக வகுப்பிலே கேட்டால், விசையிணைகரத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் மாணவர் பலர் விடை கூறத் தயங்குவர். கரைவலைக்காரர் ஒருவரைக் கேட்டால், “காற்றைப் பிடிக்கத் தெரிய வேணும், தம்பி” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். இரண்டும் ஒரே அறிவின் இரு பாதிகள். அவற்றை ஒன்றுசேர்க்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் இங்கே நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே: பாய்த்தோணியை ஓட்டுவது தனியே காற்றன்று, காற்றுக்கும் நீருக்கும் இடையே நிகழும் பிணக்கே அதனை ஓட்டுகின்றது. அப்பிணக்கிலே தோணி கவிழாது நிற்பதற்கு மனிதன் தன் உடற்பாரத்தை விலையாகக் கொடுக்கின்றான். பந்தயத்தில் வெற்றி பெறுபவன் அதிக காற்றைப் பெற்றவனல்லன். பெற்ற காற்றுக்குரிய விலையைக் கொடுக்க வல்லவனே.

வாவியும் காற்றும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பகுதிவரை, கடற்கரைக்கு ஏறத்தாழச் சமாந்தரமாக அது கிடக்கின்றது. அதற்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வடகீழ்ப் பருவத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகின்றது. தென்மேற் பருவத்திலே கச்சானும் சோழகமும் மேற்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்து வருகின்றன. ஆகவே ஆண்டின் இரு பெரும் பருவக் காற்றுகளும் வாவியின் நீளத்துக்குக் குறுக்காகவே வீசுகின்றன என்பதை வாசகர் மனங்கொள்க. பாய்த்தோணிக்கு இதனிலும் வாய்ப்பான நிலை வேறில்லை. குறுக்குக் காற்றிலே போவதும் எளிது, அதே காற்றில் மீள்வதும் எளிது. காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை.

ஆயினும் இயற்கை ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் குறைத்துவிட்டது. வாவி ஆழமற்றது, பல இடங்களில் ஆள் நிலைகொள்ளும் ஆழமே உண்டு. அடியிலே ஆழ்ந்து நீளும் நிலையான ஏராக்கட்டையைப் பூட்டிய படகு இங்கே தரைதட்டிவிடும். இக்குறையை எவ்வாறு நிறைவாக்குவது என்பதிலேதான் நம் கரையோரத்து மக்களின் மதிநுட்பம் வெளிப்பட்டது. அதனைப் பின்னர்க் காண்போம்.

பாயிலே காற்று செய்வது

தோணியின் மேற் செயற்படும் விசைகளை நான்கு கூட்டமாக வகுக்கலாம். கீழ்நோக்கிச் செயற்படும் நிறை ஒன்று. அதனைத் தாங்கும் நீரின் மேலுதைப்பு மற்றொன்று. பாயின்மேற் காற்றுத் தரும் விசை மூன்றாவது. நீரினுள் அமைந்த பகுதிகளின்மேல் நீர் தரும் விசை நான்காவது. தோணி மாறா வேகத்தோடு நேரே செல்லும்போது இந்நான்கின் விளையுள் பூச்சியமாதல் வேண்டும். அவற்றின் திருப்பங்களின் கூட்டுத்தொகையும் பூச்சியமாதல் வேண்டும். இவ்விரு நிபந்தனைகளினுள்ளே பாய்த்தோணியின் சாத்திரம் முழுவதும் அடங்கும்.

முதலிற் பாயை நோக்குவோம். சற்றுப் புடைத்து வளைந்த பாய், காற்றின் திசைக்கு ஒரு சிறு கோணத்திலே பிடிக்கப்படுகின்றது. வந்த காற்று பாயின் இரு முகங்களையும் தழுவிச் சென்று, வந்த திசையிலிருந்து விலகி வேறு திசையிலே வெளியேறுகின்றது. காற்றுக்குத் திணிவு உண்டாதலின், அதன் திசை மாறுவது அதன் உந்தம் மாறுவதாகும். உந்தத்தை மாற்றப் பாய் காற்றின்மீது விசை செலுத்துகின்றது. நியூற்றனின் மூன்றாம் விதிப்படி காற்றும் பாயின்மீது சமமும் எதிருமான விசையைச் செலுத்துகின்றது. அமுக்கத்தைக் கொண்டு கூறின், பாயின் குழிந்த முகத்தில் அமுக்கம் கூடுதலாகவும் குவிந்த முகத்திற் குறைவாகவும் இருக்கின்றது. இரண்டு விளக்கமும் ஒரே உண்மையின் இரு கூற்றுகளே.

இங்கே ஒரு பிழையைத் திருத்துதல் நன்று. குவிந்த பக்கத்துக் காற்றுக்கு வழி நீளமானது என்றும், மறுபக்கத்துக் காற்றோடு ஒரே நேரத்தில் விளிம்பை அடைதற்பொருட்டே அது விரைந்தோடுகின்றது என்றும் சில நூல்கள் கூறும். இரு பக்கத்துக் காற்றும் ஒருங்கே சேரவேண்டும் என்று இயற்கையில் எவ்விதியும் இல்லை. பாயோ மெல்லிய துணி. அதன் இரு முகங்களின் நீளமும் ஒன்றே. காற்றின் திசைமாற்றமே மூலகாரணம் என்று கொள்வதே தகும்.

இவ்விசையின் பெரும்பகுதி காற்றின் திசைக்குச் செங்குத்தாகவும், சிறுபகுதி காற்றின் திசையிலேயும் அமையும். முன்னதை உயர்த்தும் விசை என்றும் பின்னதை இழுவிசை என்றும் நூலோர் கூறுவர். பறவையின் இறகுக்கும் ஆகாயவிமானத்தின் சிறகுக்கும் இதுவே நியதி. சிறகு கிடையாகக் கிடப்பதால் விமானம் மேலெழுகின்றது. பாய் நிமிர்ந்து நிற்பதால் தோணி பக்கவாட்டிலும் முன்னும் இழுக்கப்படுகின்றது. வேறுபாடு அவ்வளவே.

உணருங் காற்று

துவிச்சக்கரவண்டியிற் செல்வோர் அறிந்த ஒரு செய்தி உண்டு. காற்றசையாத வேளையிலும் வண்டியை விரைந்து மிதித்தால் முகத்திலே காற்று அடிக்கும். பக்கக் காற்று வீசும்போது விரைந்து சென்றால், அக்காற்று முன்பக்கத்திலிருந்து வருவது போலத் தோன்றும். தோணிக்கும் அவ்வாறே. கரையில் நிற்பவன் உணருங் காற்று வேறு; ஓடுந் தோணியில் இருப்பவன் உணருங் காற்று வேறு. பாய் அறிவது பின்னதையே.

இதனை எண்களாற் காட்டுவோம். உலகெங்கும் பந்தயங்களில் ஓடும் ‘லேசர்’ என்னும் ஒற்றையாட் பாய்ப்படகை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் நீளம் ஏறக்குறைய 4.2 மீற்றர், உடலின் திணிவு 59 கிலோகிராம், பாயின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர மீற்றர். உண்மைக் காற்று செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 22 கிலோமீற்றரளவில் வீசுகின்றது என்க. படகு அக்காற்றுக்கு 45 பாகை சாய்வாக, எதிர்முகமாய்ச் செக்கனுக்கு 2.5 மீற்றர் வேகத்திற் செல்கின்றது. உண்மைக் காற்றின் முன்பின் கூறு 4.2, அதனோடு படகின் வேகம் 2.5 கூட 6.7 ஆகும். குறுக்குக் கூறு மாறாது 4.2 ஆகவே இருக்கும். இவ்விரண்டின் விளையுள் செக்கனுக்கு ஏறத்தாழ 8 மீற்றர். அது படகின் முன்முனைக்கு 32 பாகையில் வருவதாகத் தோன்றும். 6 மீற்றர்க் காற்று 8 மீற்றர்க் காற்றாகிவிட்டது. எதிர்த்துச் செல்பவனுக்குக் காற்று வலுக்கின்றது.

காற்றுத் தரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. காற்றின் அடர்த்தியைக் கனமீற்றருக்கு 1.2 கிலோகிராம் எனவும், பாயின் வடிவத்தைப் பொறுத்த குணகத்தை 1.2 எனவும் கொண்டு கணித்தால், 8 மீற்றர்க் காற்றிலே 7 சதுர மீற்றர்ப் பாயின்மேல் விழும் விசை ஏறக்குறைய 320 நியூற்றன் ஆகும். குணகம் பாயின் வளைவுக்கும் கோணத்துக்கும் ஏற்ப மாறுமாதலின், இவ்வெண்களை அண்ணளவானவை என்றே கொள்ளுதல் வேண்டும்.

இவ்விசையின் திசை யாது? அது படகு செல்லும் திசைக்கு ஏறத்தாழ 70 பாகை விலகி நிற்கின்றது. அதனை இரு கூறுகளாகப் பிரித்தால், முன்னோக்கிய கூறு 110 நியூற்றன். பக்கவாட்டுக் கூறு 300 நியூற்றன். முன்னே செலுத்தும் விசையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விசை படகைப் பக்கவாட்டில் ஒதுக்க முயல்கின்றது! அப்பக்க விசையை மறுப்பார் ஒருவர் இல்லையேல் படகு நண்டுபோலப் பக்கமாகவே நகரும். மறுப்பவர் யார்? நீரே.

நீரின் மறுப்பு

புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் அது குபீரென்று முன்னே பாயும். விரல்கள் இரண்டும் பக்கவாட்டிலேயே அழுத்தின. ஆயினும் கொட்டை முன்னே சென்றது. அதன் வடிவம் ஒரு திசையில் மட்டும் வழி விட்டமையே காரணம். பாய்த்தோணியின் ஒரு பக்கத்தைக் காற்று என்னும் விரலும், மறு பக்கத்தை நீர் என்னும் விரலும் அழுத்துகின்றன. முன்னே செல்ல எளிதாகவும் பக்கத்தே நகர அரிதாகவும் தோணியின் நீரடிப் பாகம் அமைந்திருத்தலால் அது முன்னே பாய்கின்றது.

இதற்கெனவே படகின் நடுவிலே ஒரு பலகை நீருள் இறக்கப்படுகின்றது. அப்பலகை பாயோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. கால் சதுர மீற்றரளவு பரப்பே போதும். எங்ஙனமெனின், நீரின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப்போல் எண்ணூறு மடங்குக்கு மேற்பட்டது. படகு சில பாகையளவே பக்கவாட்டிற் சறுக்கிச் செல்ல, நீர் அப்பலகையைச் சாய்வாகச் சந்திக்கின்றது. பலகையும் நீருக்குள் ஒரு சிறகுபோலத் தொழிற்பட்டு 300 நியூற்றன் எதிர்விசையைத் தருகின்றது. ஆகவே பாய்ப்படகு இரண்டு சிறகுகளை உடைய பொருளாகும்: ஒன்று காற்றிலே நிமிர்ந்து நிற்பது, மற்றொன்று நீரிலே தலைகீழாகத் தொங்குவது. காற்று மட்டுமே உண்டாயின் படகு பலூன்போல அடித்துச் செல்லப்படும். நீர் மட்டுமே உண்டாயின் அசையாது கிடக்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்தோடு இயங்குவதாலேயே அவற்றினிடையே மனிதன் வழி கண்டான்.

காற்றுக்கு நேர் எதிரே செல்லுதல் மட்டும் எப்படகுக்கும் இயலாது. ஆதலின் படுவான்கரைக்குப் போகும் நம் மூன்றாவது தோணி, ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாக 45 பாகையில் மாறி மாறி ஓடுகின்றது. காற்றுத் திசையில் ஒரு கிலோமீற்றர் முன்னேற அது 1.4 கிலோமீற்றர் ஓடவேண்டும், செக்கனுக்கு 2.5 மீற்றர் வேகத்திலே அதற்கு ஒன்பதரை நிமிடம் செல்லும்.

ஆழமற்ற நீரிலே பலகை தரைதட்டாதிருக்க அதனை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பு வேண்டும். பாக்குநீரிணையின் இந்தியக் கரையிலே வழங்கிய வத்தை என்னும் பாய்ப்படகுகள் பலகையைப் பக்கத்திலே தொங்கவிட்டு வேண்டியபோது உயர்த்திக்கொண்டன. நவீன பந்தயப் படகின் தூக்குபலகையும் அதே உபாயத்தின் வேறு வடிவமே.

மூவழிகளும் மூவகை விசைகளும்

பின்காற்றே படகுக்கு மிக விரைவு தரும் என்பது பலரின் எண்ணம். கணக்கு அவ்வாறு கூறவில்லை. அதே 6 மீற்றர்க் காற்று நேர் பின்னாலிருந்து வீச, படகு 2 மீற்றர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அப்பொழுது பாய் உணருங் காற்று 4 மீற்றரே. முன்னைய 8 மீற்றரிற் பாதி. ஆகவே விசை காற்பங்கு, அதாவது 80 நியூற்றன். படகு காற்றோடு சேர்ந்து ஓட ஓடக் காற்று அதனைக் கைவிடுகின்றது. பின்காற்றிலே ஓடும் படகு காற்றின் வேகத்தை ஒருநாளும் அடையாது.

குறுக்குக் காற்றின் நிலை வேறு. காற்று படகுக்குச் செங்குத்தாக வீச, படகு 3 மீற்றர் வேகத்திற் செல்லின், உணருங் காற்று 6.7 மீற்றர். விசை ஏறத்தாழ 230 நியூற்றன். அதன் முன்னோக்கிய கூறு 180, பக்கக் கூறு 140. எதிர்முகத்தில் 110, பின்காற்றில் 80, குறுக்குக் காற்றிலே 180! ஏறாவூருக்கும் மட்டக்களப்புக்கும் இடையே குறுக்குக் காற்றிற் சென்று குறுக்குக் காற்றிலேயே மீளும் தோணி எத்துணைப் பேறு பெற்றது என்பதை இவ்வெண்கள் உணர்த்தும்.

வேகத்துக்கு நீரும் ஓர் எல்லை வகுத்துள்ளது. ஓடும் படகு தன் முன்னே ஓர் அலையையும் பின்னே ஓர் அலையையும் எழுப்புகின்றது. வேகம் கூடக் கூட அலையின் நீளம் கூடி, ஈற்றிலே படகின் நீளத்துக்குச் சமமாகின்றது. அதற்குமேல் விரைய முயன்றால் படகு தானே எழுப்பிய அலையின் சரிவிலே ஏற முயல்வது போலாகும். நீர்மட்டத்தில் 4 மீற்றர் நீளமுள்ள படகுக்கு இவ்வேகம் செக்கனுக்கு 2.5 மீற்றர். இவ்வேகம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாதலின், நெடிய படகு இயல்பாகவே விரைந்தோடும். இலேசான பந்தயப் படகோ போதிய விசை கிடைத்தவிடத்துத் தன் அலையின்மேல் ஏறி, நீரின் மேற்பரப்பிலே வழுக்கிச் சென்று அவ்வெல்லையைக் கடந்துவிடும்.

கவிழ்க்குந் திருப்பமும் நிமிர்த்துந் திருப்பமும்

இதுவரை விசைகளின் அளவையும் திசையையும் கண்டோம். அவை செயற்படும் இடம் யாது என்பதே இனி எழும் வினா. உயிர் பிழைப்பதும் பந்தயம் வெல்வதும் இதிலேதான் தங்கியுள்ளன.

காற்றின் பக்கவிசை பாயின் நடுவிலே, நீர்மட்டத்துக்கு மேலே உயரத்திற் செயற்படுகின்றது. நீரின் எதிர்விசை பலகையின் நடுவிலே, நீர்மட்டத்துக்குக் கீழே செயற்படுகின்றது. சமமும் எதிருமான இவ்விரு விசைகளும் ஓர் இணையாகிப் படகைக் கவிழ்க்க முயல்கின்றன. இரண்டுக்கும் இடையே தூரம் 2.5 மீற்றர் எனக் கொண்டால், 300 நியூற்றனுக்குக் கவிழ்க்குந் திருப்பம் 750 நியூற்றன் மீற்றர் ஆகும்.

இதனை எதிர்ப்பது யாது? ஏராக்கட்டையிலே ஈயம் பூட்டிய பெரும் படகுகளில் அந்த ஈயம் எதிர்க்கும். சிறு படகிலோ மனிதனே எதிர்க்கின்றான். 80 கிலோகிராம் திணிவுள்ள ஒருவன் காற்று வரும் பக்கத்து விளிம்பிலே கால்களை மாட்டி, உடலை வெளியே சாய்த்து, தன் ஈர்ப்புமையத்தைப் படகின் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீற்றர் தூரத்திலே நிறுத்துகின்றான் என்க. அவன் தரும் நிமிர்த்துந் திருப்பம் 784 நியூற்றன் மீற்றர். எழுநூற்றைம்பதுக்கு எழுநூற்றெண்பத்துநான்கு! மயிரிழையிலே சமநிலை நிலவுகின்றது. பந்தயக்காரன் முதுகு வளைய வெளியே தொங்குவது வேடிக்கைக்காகவன்று. அவனே அப்படகின் ஏராக்கட்டை.

ஒரே படகுடலுக்கு ஆளின் எடைக்கேற்பப் பாயை மாற்றுவதன் காரணமும் இதனால் விளங்கும். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021ஆம் ஆண்டு நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டிலே பாய்ப்படகுப் போட்டியிற் பங்குபற்றினார். அத்துறையிலே ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதலாவது இந்தியப் பெண்மணி அவரே. அவர் செலுத்திய லேசர் றேடியல் வகைப் படகின் உடல் மேலே நாம் கணித்த அதே உடலே. பாய் மட்டும் ஏறக்குறைய 5.8 சதுர மீற்றராகச் சிறுத்தது. எடை குறைந்தவர் கொடுக்கக்கூடிய திருப்பத்துக்கு ஏற்பக் காற்றையும் அளவாகவே வாங்குதல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

இக்கணக்கை நூலிற் படியாமலே நம் நாட்டுக் கடற்றொழிலாளர் அறிந்திருந்தனர். நீர்கொழும்புக் கரையிலே சிங்களத்தில் ‘ஒருவ’ எனப்படும் தோணி உண்டு. ஒடுங்கி ஆழ்ந்த உடலுக்கு ஒரு பக்கத்தே, வளைந்த இரு கைமரங்களின் முனையில், ஒரு மிதவை பூட்டப்பட்டிருக்கும். அம்மிதவை எப்பொழுதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஆகவே திசை மாறும்போது தோணியைத் திருப்பாமல், முன்முனையைப் பின்முனையாக்கிப் பாயை மாற்றிக்கொள்வர். காற்று வலுக்கும்போது ஆட்கள் கைமரத்தின்மீது நடந்து சென்று வெளியே இருப்பர். ஒருவர் போகவேண்டிய காற்று ‘ஓராட் காற்று’. இருவர் போகவேண்டியது ‘ஈராட் காற்று’. மூவர் போகவேண்டியது ‘மூவாட் காற்று’. காற்றின் வலிமையை அவர்கள் இவ்வாறே அளந்தனர்.

இவ்வளவையை நாம் சற்று ஆராய்வோம். 60 கிலோகிராம் திணிவுள்ள ஒருவர் 3 மீற்றர் தூரத்தே இருப்பின் அவர் தரும் திருப்பம் 1,764 நியூற்றன் மீற்றர். லேசர்ப் படகோட்டி தருவதைப்போல் இரண்டேகால் மடங்கு. இருவர் இருப்பின் அதன் இருமடங்கு. மிதவையின் சொந்தப் பாரத்தை விட்டுவிட்டு நோக்கினால், ஈராட் காற்றின் விசை ஓராட் காற்றின் விசையைப்போல் இருமடங்கு. மூவாட் காற்றினது மும்மடங்கு. ஆனால் விசை வேகத்தின் வர்க்கத்தைத் தொடர்வதால், வேகங்களோ 1, 1.4, 1.7 என்ற விகிதத்திலேயே நிற்கும். அதாவது அவர்கள் அளந்தது காற்றின் வேகத்தையன்று, காற்றின் அமுக்கத்தை. வானிலை நிலையத்துக் கருவி வேகத்தைக் கூறுகின்றது. படகைக் கவிழ்ப்பது வேகமன்று, வேகத்தின் வர்க்கம். கடலிலே உயிரைப் பணயம் வைத்தவர்கள், தமக்கு எது வேண்டுமோ அதனையே நேராக அளக்கும் அலகைத் தேர்ந்தெடுத்தனர். வத்தைப் படகிலும் இதே நியதி உண்டு. படகின் குறுக்கே ஒரு நீண்ட பலகையை வெளியே நீட்டி, அதன் நுனியில் ஆட்கள் சென்றிருந்து காற்றுக்கு ஈடுகொடுத்தனர்.

கைவிடக்கூடாத சில விதிகள்

விசை வர்க்கத்தைத் தொடர்வதனால் விளையும் ஆபத்தையும் இங்கே கூறுதல் கடமையாகும். 6 மீற்றர்க் காற்றிலே சமநிலையோடு ஓடும் நம் படகின்மேல் திடீரென 8 மீற்றர்க் காற்று வீசுகின்றது என்க. காற்று மூன்றிலொரு பங்கே கூடியது. உணருங் காற்றோ 8 இலிருந்து 10 ஆகின்றது. பாயின் விசை 320 இலிருந்து 500 நியூற்றனாகின்றது. கவிழ்க்குந் திருப்பம் 750 இலிருந்து 1,170 வரை ஏறுகின்றது. மனிதன் தரக்கூடியதோ 784 தான். வெளியே இன்னும் சாய அவனுக்கு இடமில்லை. சில செக்கன்களிற் படகு கவிழும்.

இதனாலேயே, பாயின் கீழ்முனையைப் பிடிக்கும் தாமான் கயிற்றைச் சிறு தோணியில் ஒருபோதும் இறுகக் கட்டிவிடுதலாகாது; கையிலே பிடித்திருத்தல் வேண்டும். கயிற்றைத் தளர்த்தியவுடன் பாய் கொடிபோலப் படபடத்து, விசை மறைந்துவிடும். காற்றின் ஒவ்வொரு துடிப்பையும் விரல்கள் உணர்ந்து விடையளிக்கும். கட்டிய கயிறோ ஒன்றையும் உணராது.

பாயின் விசைமையம் பலகையின் எதிர்விசை மையத்துக்குச் சற்றுப் பின்னே இருக்குமாறு தோணியை அமைத்தல் வேண்டும் என்பது மற்றொரு விதி. அவ்வாறாயின் சுக்கானைக் கை நழுவவிட்டாலும் தோணி தானே காற்றை நோக்கித் திரும்பி, பாய் வெறுமையாகி நின்றுவிடும். மாறாக அமைத்தால் அது காற்றைவிட்டு விலகித் திரும்பி மேலும் சாயும். முன்னது மன்னிக்கும் தோணி. பின்னது பழிவாங்குந் தோணி.

பாயில்லாத வள்ளத்திற் செல்வோருக்கும் உரிய விதி ஒன்றுண்டு. நிறை கீழே இருக்கும்வரை, சாயும் வள்ளத்தை நீரின் மேலுதைப்பே நிமிர்த்தும். பயணிகள் எழுந்து நின்றாற் பொது ஈர்ப்புமையம் மேலே ஏறுகின்றது. நிமிர்த்துந் திருப்பம் குறைந்து ஒரு கட்டத்தில் இல்லாதொழிகின்றது. எல்லாரும் ஒருங்கே ஒரு பக்கம் சாய்ந்தால் பிறகு சொல்லவேண்டியதில்லை. ‘தோணியில் எழும்பி நில்லாதே’ என்று முதியோர் அதட்டுவது வெறும் அச்சத்தினாலன்று. அது பௌதிக விதி. வாவியைக் கடந்து பள்ளிக்கும் வயலுக்கும் செல்லும் பிள்ளைகள் இதனை வகுப்பிலே கற்றல் அவசியம்.

இவ்வறிவினாற் பயன் என்ன?

இன்று வாவியிலும் புன்னைக்குடாக் கடலிலும் பாய் காண்பது அரிது. இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழை வள்ளங்கள் வந்து தொழிலை எளிதாக்கின. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் 2022ஆம் ஆண்டை நாம் மறத்தலாகாது. அவ்வாண்டிலே மண்ணெண்ணெய் கிடையாது நாடெங்கும் கடற்றொழிலாளர் வள்ளங்களைக் கரையேற்றி வைத்தனர். ஓகத்து மாதத்திலே ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. அந்நாட்களிலும் கச்சான் வழக்கம்போலவே வீசியது. அதற்கு விலையேற்றம் இல்லை. அதனைப் பிடிக்கத் தெரிந்தவர் தொகையே குறைந்திருந்தது.

நம்மவர் அதனை ஒருகாலத்தில் நன்கு பிடித்தவர்களே. புறநானூற்றின் 66ஆம் பாட்டிலே வெண்ணிக்குயத்தியார், கரிகாலனின் முன்னோரைக் காற்றைத் தம் ஏவலுக்கு ஆட்படுத்திக் கலஞ் செலுத்தியோர் எனப் போற்றுகின்றார். அண்மைக் காலத்தே வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், நம் நாட்டுத் தமிழ் மாலுமிகளுடன் சென்று 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. காற்றை ஆண்டவர் என்று புலவர் பாடியது மிகையன்று என்பதற்கு அது சான்று.

காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர், விஞ்ஞானம் கற்பித்தவர், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். பாணர் செவியாலும் விரலாலும் அறிந்திருந்த நரம்பின் இலக்கணத்தை எண்ணாலும் அளவாலும் ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டு ‘யாழ்நூல்’ தந்தார். கைத்திறனாய் மறைந்துகிடந்த அறிவைக் கணக்காக்கி வருங்காலத்துக்கு வைத்தமையே அவர் செய்த பெரும்பணி. யாழுக்கு அவர் செய்ததைத் தோணிக்கு நம் மாணவர் செய்யலாகாதா? வாவிக்கரையில் இன்றும் பாயோட்டி அறிந்த முதியோர் சிலர் உளர். அவர்தம் சொற்களையும் அளவுகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவும், ஒரு சிறு தோணியிலே பாய்கட்டி, விற்றராசும் பாகைமானியும் கொண்டு விசைகளை அளந்து பார்க்கவும் பெருஞ் செலவு வேண்டியதில்லை. ஆய்வுகூடத்துக்குக் கதவும் வேண்டியதில்லை. வாவி திறந்தே கிடக்கின்றது.

படுவான்கரையை நோக்கிப் புறப்பட்ட நம் மூன்றாவது தோணி இப்பொழுது அக்கரையை அணுகியிருக்கும். எதிரே நின்ற காற்றே அதனை அங்கே கொண்டு சேர்த்தது. எதிர்ப்பைக் கண்டு திரும்பாமலும் அதனோடு நேருக்கு நேர் மோதாமலும், தக்க கோணத்திலே நின்று, தன் பாரத்தைத் தக்க இடத்தில் வைத்தவனுக்கு எதிர்க்காற்றும் துணைக்காற்றே. நம் கல்லூரியிலிருந்து பல திசைகளுக்கும் பாய்விரித்துச் சென்ற பழைய மாணவர்கள் இதனைத் தம் வாழ்விலே கண்டிருப்பர். இனிப் புறப்படவிருக்கும் இளையோர் அதனை வாவிக்கரையிலேயே கற்றுச் செல்வாராக.